செந்நிறப் பானமும் கண்டி மலைநாடும்

நீரைத் தாகத்திற்காக அருந்தும் மனிதன், ஏனைய பானங்களைப் பெரும்பாலும் மனத்திற்காகவே அருந்துகிறான். குளிர், களைப்பு, தனிமை, கவலை ஆகியவற்றைச் சிறிது நேரமேனும் மறக்கச் செய்யும் ஆற்றல் சில பானங்களுக்கு உண்டு என்பது உலகின் எல்லாச் சமூகங்களும் கண்டறிந்த உண்மையாகும். மேலைநாட்டார் இருவகை, மூவகைத் திராட்சைகளின் மதுவைப் பக்குவமாகக் கலந்து செம்மது ஆக்குவர். மழை பெய்து வெளிச்சம் மங்கிய நாளொன்றில் இதனை ஒரு கிண்ணம் அருந்துவதை இதமான இன்பங்களுள் ஒன்றாக அவர்கள் போற்றுவர். தென்மேற்குப் பருவக்காற்று வீசும் மாதங்களிலும், ஐப்பசி, கார்த்திகை மழையிலும் பகலே இருளடையும் கண்டி மலைநாட்டில் இத்தகைய ஆறுதலை எப்பானங்கள் வழங்கிவந்தன? யார் வழங்கினர்? யார் பெற்றனர்? அதன் விலையைக் கொடுத்தவர் யாவர்? இவ்வினாக்களுக்கு வரலாற்றினின்று விடை காண முற்படுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பழந்தமிழரும் யவனர் மதுவும்

திராட்சை மது தமிழர்க்குப் புதியதன்று. புறநானூற்றின் 56ஆம் பாடலில், பாண்டியன் இலவந்திகைப்பள்ளித் துஞ்சிய நன்மாறனை வாழ்த்தும் நக்கீரர், யவனர் மரக்கலங்களிற் கொண்டுவந்த மணமிக்க குளிர்ந்த தேறலைப் பொற்கலத்தில் மகளிர் ஏந்தித் தர, நாள்தோறும் உண்டு மகிழுமாறு அம்மன்னனை வேண்டுகிறார். இலக்கியம் கூறும் இச்செய்திக்குத் தொல்லியலும் சான்று பகர்கின்றது. 1945ஆம் ஆண்டு மோட்டிமர் வீலர் அரிக்கமேட்டில் நடத்திய அகழ்வாய்விலே, மத்தியதரைக்கடல் நாடுகளிலிருந்து மது வந்திறங்கிய இருகைப்பிடிச் சாடிகளின் உடைசல்கள் வெளிப்பட்டன.

ஆயினும் யவன மது அரண்மனையின் பானமாகவே இருந்தது. குடிமக்கள் அருந்தியது தென்னையும் பனையும் தந்த கள்ளும், நெல்லிலிருந்து சமைத்த தோப்பியுமேயாம். அதியமான் தனக்குச் சிறிதளவு கள் கிடைத்தபோது அதனைத் தான் உண்ணாது தமக்கே அளித்தான் என ஔவையார் இரங்கிப் பாடுவதும் புறநானூற்றிலேதான் உள்ளது. பிற்காலத்தே வள்ளுவர் கள்ளுண்ணாமைக்கென ஓர் அதிகாரமே வகுத்தார். பகிர்ந்துண்ணும் பண்பின் அடையாளமாகவும், அறிவை அழிக்கும் தீமையாகவும் மதுவை நோக்கும் இருநிலையும் தமிழ் மரபில் உண்டு. மலைநாட்டு வரலாற்றை விளங்கிக்கொள்வதற்கு இவ்விருநிலையை மனத்திற்கொள்ளல் அவசியமாகும்.

குருதி எனக் கண்ட மது

இலங்கை வரலாற்றிற் செம்மது தோன்றும் முதற் காட்சி மிகவும் வியப்பூட்டுவதாகும். பதினாறாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் போர்த்துக்கேயர் கொழும்புத் துறையை அடைந்தபோது, அவர்களைக் கண்டோர் கோட்டை மன்னனிடம் விரைந்து சென்று செய்தி கூறினர் என இராஜாவலிய எனும் சிங்கள நூல் உரைக்கின்றது. வந்திருப்போர் வெண்ணிறத்தவர், ஓரிடத்தில் தங்காது அங்குமிங்கும் நடப்பவர், கற்களைத் தின்று குருதியைக் குடிப்பவர் என்பது அச்செய்தியின் சாரமாகும். அவர்கள் கல் எனக் கண்டது ரொட்டியை. குருதி எனக் கண்டது செம்மதுவை.

இதனை அறியாமையின் விளைவெனக் கூறி நகைத்துவிடுதல் எளிது. ஆயின், அடுத்த ஒன்றரை நூற்றாண்டில் கரையோரப் பகுதிகளில் நிகழ்ந்த போர்களையும் அழிவுகளையும் எண்ணிப் பார்க்குமிடத்து, அக்காட்சியில் ஒரு முன்னறிவு பொதிந்திருந்ததாகப் பின்வந்தோர் கருதியிருத்தல் கூடும். இராஜாவலிய இன்றுள்ள வடிவிற் பதினேழாம் நூற்றாண்டிலேயே நிறைவுற்றது என்பர். அந்நியராட்சியின் கொடுமைகளை அனுபவித்தறிந்த ஒரு காலத்தவரே முதற் சந்திப்பை இவ்வாறு நினைவிற் பேணினர் என்பது ஈண்டு அவதானிக்கத்தக்கது.

கண்டி இராச்சியத்தில் மதுவும் கூந்தற்பனையும்

கரையோரம் அந்நியர் வசமான பின்னரும் கண்டி இராச்சியம் 1815 வரை தனித்து நின்றது. அங்கு மக்கள் எவற்றை அருந்தினர் என்பதை அறிவதற்கு உதவும் சிறந்த சான்று றொபேட் நொக்ஸ் 1681இல் வெளியிட்ட நூலாகும். 1660இல் திருகோணமலைக்கு அண்மையிலுள்ள கொட்டியாரத்திற் சிறைப்பட்ட இவ்வாங்கிலேயர், பத்தொன்பது ஆண்டுகளை மலைநாட்டிற் கழித்து, 1679இல் அரிப்பிலிருந்த ஒல்லாந்தர் கோட்டையை அடைந்து தப்பினார். அவர் இறுதியாக வாழ்ந்த எலதெத்த இன்றைய பேராதனைக்கு அண்மையிலுள்ள ஊராகும்.

கித்துள் எனச் சிங்களத்தில் வழங்கும் கூந்தற்பனையை நொக்ஸ் விரிவாக வருணிக்கிறார். அதன் பாளையினின்று இறங்கும் இனிய நீரைக் காய்ச்சிக் கருப்பட்டி செய்யும் முறையையும் அவர் கூறுகிறார். மலைநாட்டுக் குடியானவனின் இனிப்பும் பானமும் ஒரே மரத்தினின்று கிடைத்தன. அந்நீர் புளிப்பின் கள்ளாகும், காய்ச்சினால் வெல்லமாகும். குடிவெறியைக் கண்டியர் வெறுத்தனர் என்றும் நொக்ஸ் எழுதுகிறார். மது அருந்தாமையை ஐந்தாவது சீலமாகக் கொண்ட பௌத்தம் அங்கு ஊன்றியிருந்தமையால் இஃது எதிர்பார்க்கத்தக்கதே. அதேவேளை, நொக்ஸைப் போன்று சிறைப்பட்டிருந்த ஐரோப்பியருட் சிலர் சாராயம் வடித்தும் தவறணை நடத்தியும் பிழைத்தனர் என்பதும் அவர் தரும் செய்தியாகும்.

திராட்சை மது கண்டியில் இடம்பெற்ற மற்றொரு களம் கத்தோலிக்கத் திருப்பலியாகும். ஒல்லாந்தர் ஆட்சியிற் கத்தோலிக்கம் ஒடுக்கப்பட்டிருந்த வேளையில், கோவாவிலிருந்து 1687இல் யாழ்ப்பாணம் வந்த யோசேவ் வாஸ் அடிகளார் 1692இல் கண்டியை அடைந்தார். ஒற்றர் என ஐயுற்று முதலிற் சிறையிடப்பட்ட அவர், பின்னர் மன்னரின் ஆதரவைப் பெற்று 1711இல் கண்டியிலேயே காலமானார். தமிழும் சிங்களமும் கற்றுப் பணியாற்றிய அவர் நிறைவேற்றிய திருப்பலிகளிலே திராட்சை இரசம் கிறிஸ்துவின் திருக்குருதியாக ஏற்கப்பட்டது. கரையோரத்தார் அச்சத்துடன் குருதி எனக் கண்ட பானம், மலைநாட்டின் சிறு குழுவொன்றிற்குப் பக்தியுடன் குருதியாயிற்று. 1893இல் பாப்பரசர் பதின்மூன்றாம் லியோவின் முயற்சியால் அம்பிட்டியிற் குருத்துவக் கல்லூரி நிறுவப்பட்டபோது, இந்தியாவின் பல பகுதிகளிலிருந்தும் மாணவர் கண்டிக்கு வந்தனர். அக்கல்லூரி 1955இல் பூனாவுக்கு இடம்பெயர்ந்தது.

தவறணையின் வருகை

1815 மார்ச் 2ஆம் நாள் கையொப்பமான கண்டி உடன்படிக்கையுடன் மலைநாடு பிரித்தானியர் ஆட்சிக்குட்பட்டது. ஆளுநர் எட்வேட் பான்ஸ் காலத்திற் கொழும்பு – கண்டி வீதி அமைந்தது. போர்வீரருக்கென அமைந்த அவ்வீதி விரைவிற் கோப்பியின் வீதியாயிற்று. கம்பளைக்கு அருகே சிங்ஹப்பிட்டியிலும், பேராதனைக்கு அருகே கன்னொறுவையிலும் 1820களிற் கோப்பித் தோட்டங்கள் தோன்றின. கீழிறங்கும் வண்டிகள் கோப்பியைச் சுமந்தன. மேலேறும் வண்டிகள் அரிசியையும் சாராயத்தையும் சுமந்தன. துரைமாரின் பங்களாக்களுக்கான சீமை மதுப் போத்தல்களும் அவ்வழியே ஏறின.

சாராயக் குத்தகை என்பது கரையோரத்தில் ஒல்லாந்தர் காலத்திலேயே வழங்கிய முறையாகும். குறித்தவொரு பிரதேசத்திற் சாராயம் விற்கும் உரிமையை அரசு ஏலத்தில் விடும். அதிக தொகை கேட்டவர் அதனைப் பெற்றுத் தவறணைகளை நடத்துவார், அல்லது பிறருக்குக் கைமாற்றுவார். குத்தகைப் பணம் முற்கூட்டியே உறுதியாகிவிடுவதால் அரசுக்கு வருவாய் நிச்சயம். கொடுத்த பணத்தை மீட்க விரும்பும் குத்தகைகாரருக்கோ விற்பனையைப் பெருக்குவதைத் தவிர வேறு வழியில்லை. இம்முறையைப் பிரித்தானியர் மலைநாட்டிற்கும் விரித்தனர். தென்னை மிகுந்த கரையோரத்தில் வடித்த சாராயம், அதற்குமுன் தவறணை பெருகியிராத கிராமங்களின் வாயிலுக்கு வந்துசேர்ந்தது.

இவ்வணிகம் இலங்கையரிடையே ஒரு புதிய செல்வர் வகுப்பையும் தோற்றுவித்தது. மொறட்டுவையைச் சேர்ந்த ஜெரோனிஸ் டி சொய்சா இதற்குத் தக்க எடுத்துக்காட்டாவார். சாராயக் குத்தகையிற் பொருளீட்டிய அவர், முன்னர் கண்டி மன்னர்க்குரியதாயிருந்த ஹங்குராங்கெத்தைத் தோட்டக் காணியை 1830களில் வாங்கிக் கோப்பி பயிரிட்டார். மன்னரின் தோட்டம் சாராயப் பணத்தால் வாங்கப்பட்டமை, மலைநாட்டில் ஒரு யுகம் முடிந்து மற்றொன்று தொடங்கியதைத் தெளிவுறக் காட்டுகின்றது.

இவ்விடத்தில் தென்னிந்தியத் தமிழ்த் தொழிலாளரின் வருகை முக்கியத்துவம் பெறுகின்றது. மன்னார்க் கரையிலிறங்கிக் காட்டுவழியே மாத்தளைக்கும் கண்டிக்கும் நடந்து வந்தோருட் பல்லாயிரவர் பசியாலும் நோயாலும் வழியிலேயே மாண்டனர். பிழைத்து மலையேறியோரை எதிர்கொண்டவை குளிரும் மழையும் அட்டையும், காற்றுப் புகாத லயக் காம்பிராக்களும், கங்காணியிடம் பட்ட கடனுமேயாம். அவர்கள் ஊரில் அறிந்திருந்த கோயிற்றிருவிழாவும் உற்றார் உறவினரும் தொலைவில் இருந்தன. கைக்கெட்டும் தூரத்தில் இருந்த ஆறுதல் தவறணை ஒன்றே. சம்பள நாளன்று தொழிலாளியின் கையில் விழுந்த காசின் ஒரு பகுதி அன்றிரவே தவறணைக்கும், அங்கிருந்து குத்தகைகாரருக்கும், குத்தகையாக அரசுக்கும் சென்றது. குளிரைப் போக்கவென அருந்திய குடி அடுப்பைக் குளிரச் செய்தது. அதன் சுமையைத் தாங்கியவர்கள் பெண்களும் குழந்தைகளுமாவர்.

மதுவிலக்கியக்கமும் அதன் எல்லையும்

இந்நிலையை எதிர்த்து 1904இலும், பின்னர் புதிய மதுவரிச் சட்டம் கொண்டுவரப்பட்ட 1912இலும் பெரும் மதுவிலக்கியக்கங்கள் எழுந்தன. பழைய குத்தகை முறையைச் சீர்திருத்துவதாகக் கூறிய அரசு, கள்ளையும் சாராயத்தையும் பிரித்து, கள்ளுத் தவறணைகள் பலவற்றைப் புதிதாகத் திறக்க முனைந்ததே இரண்டாம் எழுச்சிக்குக் காரணமாயிற்று. டி. பி. ஜயதிலக்க, எப். ஆர். சேனநாயக்க முதலியோர் இதில் முன்னின்றனர். 1915இல் கண்டியில் தொடங்கி முஸ்லிம்களுக்கெதிராகப் பரவிய கலவரத்தின்போது, மதுவிலக்குத் தலைவர்கள் மீது அரசுக்கு இருந்த ஐயம் அவர்களுட் பலரைச் சிறைக்கனுப்பியது. அவர்கள் சார்பிலே சேர். பொன்னம்பலம் இராமநாதன் சட்டநிரூபண சபையிலும் இங்கிலாந்திலும் குரலெழுப்பியமை யாவரும் அறிந்ததே. பிற்காலத்தில், ஊரவர் வாக்களித்துத் தவறணையை மூடும் வாய்ப்பும் ஏற்பட்டது.

இவ்வியக்கத்தின் பணி பெரிது. எனினும் அதன் எல்லையையும் நடுநிலையுடன் நோக்குதல் வேண்டும். தேசிய எழுச்சியில் முன்னின்ற குடும்பங்களுட் சிலவற்றின் செல்வத்திற்கே சாராய வணிகம் அடித்தளமாயிருந்தமையைக் குமாரி ஜயவர்த்தன முதலிய ஆய்வாளர் எடுத்துக்காட்டியுள்ளனர். மேலும், கிராமத்துத் தவறணையை மூடுவதற்கு எழுந்த குரல் லயத்தின் வாழ்நிலையை மாற்றுவதற்கு அதே வலிமையுடன் எழவில்லை. தோட்டத் துரைமாரின் கழகங்களில் அருந்தப்பட்ட செம்மது நாகரிகத்தின் அடையாளமாகக் கருதப்பட்டது. தொழிலாளி அருந்திய சாராயம் அவனது இனத்தின் இழிகுணமாகப் பேசப்பட்டது. இரண்டும் மலைநாட்டு மழையின் தனிமைக்குத் தேடப்பட்ட ஆறுதல்களே. ஒன்றனைச் சுவையென்றும் மற்றையதைக் குற்றமென்றும் பிரித்தது பானத்தின் தன்மையன்று. அருந்துவோரின் சமூக நிலையே ஆகும்.

தேயிலை: மற்றொரு செந்நிறப் பானம்

1869 முதற் பரவிய இலைத்துரு நோய் கோப்பியைப் படிப்படியாக அழித்தது. அதற்கு இரண்டாண்டு முன்னர், 1867இல், கண்டிக்குத் தென்கிழக்கேயுள்ள லூல்கந்துரத் தோட்டத்தில் ஜேம்ஸ் டெயிலர் எனும் ஸ்கொத்லாந்தியர் 19 ஏக்கரிற் தேயிலை பயிரிட்டிருந்தார். கொழும்பிலிருந்து கண்டிக்குப் புகையிரதம் ஓடத் தொடங்கியதும் அவ்வாண்டிலேயே. தொடக்கத்தில் டெயிலரது பங்களாவின் விறாந்தையே தொழிற்சாலையாயிருந்தது. மேசை மீது கொழுந்தைப் பரப்பிக் கைகளால் உருட்டி, களிமண் அடுப்பிற் கரிநெருப்பிட்டு உலர்த்தினர். 1873இல் 23 இறாத்தல் தேயிலை இலண்டனுக்குச் சென்றது. 1883இற் கொழும்பிற் பகிரங்க ஏலம் தொடங்கியது. 1900 அளவில் தேயிலை நிலம் மூன்றரை இலட்சம் ஏக்கரைக் கடந்துவிட்டது. டெயிலர் இதனை முழுமையாகக் காண வாழவில்லை. 1892இல் இறந்த அவரது கல்லறை கண்டி மஹியாவையில் உள்ளது.

தேநீருக்கும் செம்மதுவுக்குமிடையே உள்ள ஒப்புமை மேலோட்டமானதன்று. திராட்சையின் தோலிலும் விதையிலும் உள்ள துவர்ப்பொருள்கள் மதுவுக்கு உறுதியைத் தருகின்றன. தோலின் நிறமிகள் செம்மையைத் தருகின்றன. தேயிலைக் கொழுந்தை வாட்டி உருட்டும்போது இலையின் கலங்கள் உடைந்து, அதிலுள்ள துவர்ப்பொருள்கள் காற்றுடன் கூடி நிறம் மாறுகின்றன. தேநீரின் பொன்மையும் செம்மையும் இவ்வாறே தோன்றுகின்றன. தோட்டத்தில் இதனைப் புளிக்கவைத்தல் என்பர். மதுவிற்போல் நொதி உயிர்கள் இதிற் பங்குகொள்வதில்லை.

கலவை எனும் கலையிலும் இரண்டும் ஒத்தவை. பிரான்சின் போர்தோப் பகுதியினர் கபர்னே சோவிஞ்ஞோன் எனும் திராட்சையின் கடுந்துவர்ப்பை மெர்லோ எனும் திராட்சையின் மென்மையாற் சமன்செய்வர். தேயிலைக் கலவைக்காரரும் அவ்வாறே. நாலாயிரம் அடிக்கு மேல் விளையும் நுவரெலியாத் தேயிலை மணத்திற் சிறந்தது. இரண்டாயிரத்துக்கும் நாலாயிரத்துக்கும் இடைப்பட்ட கண்டித் தேயிலை செப்பு நிறமும் திண்மையும் கொண்டது. தாழ்நிலத் தேயிலை கருமையும் சாயமும் மிக்கது. இவற்றைச் சுவைத்தறிந்து, ஒன்றன் குறையை மற்றொன்றன் நிறைவால் ஈடுசெய்தே பெட்டியில் அடைக்கும் கலவை உருவாகின்றது. 1890இல் இலங்கைக்கு வந்து தோட்டங்களை வாங்கிய தோமஸ் லிப்ரன், தேயிலைத் தோட்டத்திலிருந்து நேரே கேத்தலுக்கு என்ற பொருள்பட விளம்பரம் செய்து அக்கலவையைப் பிரித்தானியத் தொழிலாளரின் இல்லங்களிலும் கொண்டுசேர்த்தார்.

ஈண்டு ஒரு முரண்பாட்டைச் சுட்டாதிருக்க இயலாது. பத்தொன்பதாம் நூற்றாண்டுப் பிரித்தானியாவில் மதுவிலக்குச் சங்கத்தார் தம் கூட்டங்களில் தேநீரையே பரிமாறினர். குடியைக் கைவிட்ட தொழிலாளிக்குக் குளிர்நாளின் ஆறுதலாகத் தேநீர் அமைந்தது. ஆயின், பிற்காலத்தில் அத்தேயிலையைப் பறித்துத் தந்தவரின் கூலியோ மலைநாட்டுத் தவறணைகளிற் கரைந்துகொண்டிருந்தது. ஒரு நாட்டின் நிதானத்துக்கான பானம், மற்றொரு நாட்டில் தவறணை சூழ்ந்த வாழ்க்கையிலிருந்து பிறந்தது.

பறித்தவரின் கிண்ணம்

சிறந்த கொழுந்தைக் கிள்ளிய கைகளுக்குச் சிறந்த தேநீர் நெடுங்காலம் கிட்டவில்லை. உயர்தரத் தேயிலை ஏலத்துக்குச் செல்ல, சலித்தபின் எஞ்சும் தூளே லயத்துக்கு உரியதாயிற்று. விடியற்காலையிற் பெரட்டுக்குச் செல்லுமுன் பாலின்றிக் குடிக்கும் சாயத்தண்ணியும், மழையில் நனைந்து மீண்டபின் அடுப்பருகே குடிக்கும் இன்னொரு கோப்பையும் தொழிலாளப் பெண்ணின் நாளிற் கிடைக்கும் அரிய ஓய்வுகளாம். அவளுக்கும் ஆணுக்கும் நாட்கூலி சமமானது 1984இலேயே. 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் அவளது சமூகத்தின் பெரும்பகுதியை நாடற்றோராக்கியது. 1964இன் சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம் அவர்களை இரு நாடுகளுக்குமிடையே எண்ணிக்கையாகப் பங்கிட்டது. எஞ்சியோரின் குடியுரிமைக் குறை 2003ஆம் ஆண்டுச் சட்டத்தின் பின்னரே பெரிதும் நீங்கியது. உலகுக்கு இதமளிக்கும் பானத்தை உற்பத்தி செய்தோர், தாம் எந்நாட்டினர் என்பதற்கே அரை நூற்றாண்டுக்கு மேலாக விடை தேட வேண்டியிருந்தது.

தமிழகத்தின் மலைத் தோட்டங்களில் மருத்துவராகப் பணிபுரிந்த பி. எச். டானியல், அங்குள்ள தொழிலாளர் வாழ்க்கையைப் பொருளாகக் கொண்டு 1969இல் ஆங்கிலத்தில் எழுதிய நாவலுக்குச் ‘செந்தேநீர்’ எனப் பொருள்படும் பெயரைச் சூட்டினார். தமிழில் அது ‘எரியும் பனிக்காடு’ எனப் பெயர்பெற்றது. அப்பெயரிலுள்ள செம்மை சாயத்தை மட்டும் குறிப்பதன்று என்பதை நாவலைப் படிப்போர் உணர்வர். கடல் கடந்து ஆனைமலையில் எழுந்த அக்குரல் கண்டி மலைகளுக்கும் முற்றும் பொருந்துவதேயாம்.

முடிவுரை

மேற்கூறியவற்றைத் தொகுத்து நோக்குமிடத்து ஓர் உண்மை புலனாகின்றது. மழைநாளில் மனத்துக்கு இதமளிக்கும் பானம் என்பது தனிமனித இன்பம் போலத் தோன்றினும், அதன் பின்னே ஒரு சமூக ஒழுங்கு எப்பொழுதும் உண்டு. யவன மதுவைப் பாண்டியனுக்குக் கொணர்ந்தது கடல்வணிகம். சாராயத்தைத் தொழிலாளிக்குக் கொணர்ந்தது அரசின் வருவாய் வேட்கை. தேநீரை உலகுக்கு வழங்கியது பெருந்தோட்டம். ஆறுதலை நாடுவது மனித இயல்பு. அதனைக் குற்றமெனல் தகாது. குளிரில் நடுங்கியவன் தவறணையை நாடியதற்காக அவனை இகழ்ந்தோர், அவன் நாடுவதற்கு வேறெதனையும் விட்டுவைக்காத அமைப்பைப் பற்றி வாய்திறக்காமையே குற்றமாகும்.

இராஜாவலிய காட்டும் அம்மக்கள் செம்மதுவைக் குருதியென மயங்கினர். இன்றுள்ளோர்க்கு அத்தகைய மயக்கம் இல்லை. கோப்பையில் உள்ளது தேநீரென அனைவரும் அறிவர். ஹந்தானை மலையை மூடுபனி மறைக்கும் மாலைகளிற் பேராதனை வளாகத்திலும் கண்டி நகரிலும் எண்ணற்ற கோப்பைகள் நிறைகின்றன. அம்மலைச் சரிவுகளிற் கூடை சுமந்து இறங்குவோரின் வாழ்வில் அதே இதம் எவ்வளவு சேர்கின்றது என்பதைக் கேட்டறிவதும், கேட்டறிந்ததை எழுதுவதும் வரலாறு கற்போரின் கடமையாகும். பானத்தின் செம்மையைக் கண்டு அஞ்சிய முன்னோரின் பார்வை தவறியது. அச்செம்மையின் பின்னுள்ள உழைப்பைக் காண மறுப்பின், இக்காலத்தவர் பார்வை அதனினும் தவறியதாகும்.